கழுகு பார்க்காத பந்து

கழுகு என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் ஷட்டில் ஆடுகிறவர்கள். வீட்டிலும் அச்சகத்திலும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் உயரத்தில் இருந்து பார்க்கிறவரும் இல்லை. ஆட்டக்களத்தின் ஓரத்தில், கோட்டுக்கு நேர் பின்னால், கால் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்து, பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்ல வேண்டும். கோட்டு நடுவர். டீயும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைக்கும். பெரிய போட்டி என்றால் ஒரு பனியன். அந்தப் பனியன்களைத்தான் வீட்டில் தரை துடைக்க வைத்திருந்தார்கள்.

வார நாட்களில் அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றார். தடித்த காகிதக் கட்டை உள்ளே தள்ளி, வெட்ட வேண்டிய இடத்தை விளக்கு காட்டும் கோட்டுக்கு நேரே நிறுத்தி, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் கத்தி இறங்கும். எந்தக் கையும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று செய்த ஏற்பாடு. "அண்ணனுக்கு ரெண்டு கையும் பிஸி, வாய் மட்டும்தான் ஃப்ரீ" என்று பைண்டிங் பெண்கள் சீண்டுவார்கள். வாயையும் அவர் அதிகம் செலவழித்ததில்லை.

கோட்டு நடுவருக்கு மொத்தமே மூன்று சைகை. வெளியே என்றால் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து 'அவுட்' என்று உரக்கக் கத்த வேண்டும். உள்ளே என்றால் வாயைத் திறக்காமல் வலது கையால் கோட்டைக் காட்ட வேண்டும். மூன்றாவது, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வது. எனக்குத் தெரியவில்லை, யாரோ மறைத்துவிட்டார்கள் என்று பொருள். மூன்றாவதைக் காட்ட யாருக்கும் மனசு வராது. கண்ணிருந்தும் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட, உள்ளே வெளியே என்று ஏதாவது ஒன்றை அடித்துவிட்டுப் போவது சுலபம். பலர் அதைத்தான் செய்வார்கள். அவர் செய்ததில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை. கர்வம் என்று ஒன்று அவரிடம் இருந்திருந்தால் அது இதுதான்.

அந்த வேலையில் பந்தைத் துரத்திப் பார்க்கக் கூடாது. பார்க்க வந்தவர்களின் தலையெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும்போது கோட்டு நடுவரின் தலை மட்டும் அசையாது. மட்டை உயர்ந்ததும் கண் கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பந்து தானாக வந்து விழும். கோட்டைப் பார்க்கிறவன் கோட்டை விடக் கூடாது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லிச் சலித்த ஜோக்.

அந்த வருடத் தகுதிப் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயிக்கிற பெண்ணுக்குத் தேசிய முகாமில் இடம். ஒரு பக்கம் பம்பரம். அவர் தெருவில், இரண்டு வீடு தள்ளி இருந்த நர்சம்மாவின் மகள். களத்தில் அவள் சுழல்வதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயருக்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். மறுபக்கம் அச்சக முதலாளியின் மகள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் தலைமை நடுவரிடம் போய் நின்றார்.

"சார், அந்தப் பொண்ணு எங்க முதலாளி பொண்ணு. இந்தப் பொண்ணு எங்க தெரு. என்னை வேற கோர்ட்டுல போட்டுடுங்க."

"ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்கன்னா சரிக்குச் சரியாப் போச்சே! வேற ஆள் இல்லண்ணே. கழுகுக்கு ஏது பாரபட்சம்? போய் உக்காருங்க."

உட்கார்ந்தார்.

ஆட்டம் மூன்றாவது கேமுக்குப் போய், பம்பரத்துக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி என்று வந்து நின்றது. அவள் எம்பி அடித்தாள். பந்து அவருடைய கோட்டை நோக்கி வந்தது. மட்டை உயர்ந்தபோதே அவர் கண் கோட்டில் இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி மகளின் ஷூ தரையில் கிறீச்சிட்டது. கணுக்கால் மடங்குவதுபோல ஒரு வழுக்கல். அவர் கண் அங்கே தாவியது. தாவிய வேகத்தில் கோட்டுக்குத் திரும்பியது. திரும்பியபோது பந்து தரையில் கிடந்தது. எங்கோ விழுந்து, துள்ளி, உருண்டு கிடந்த பந்து. அது கிடந்த இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஹாலே அவரைப் பார்த்தது. அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் ஈகூட இல்லை.

அவர் கையைத் தூக்கிக் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

உயர நாற்காலியில் இருந்த நடுவருக்கு முதலாளி மகளின் உடம்பு மறைத்துவிட்டது. இருவருமே பார்க்கவில்லை என்றால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். அதுதான் விதி. மறுபடி ஆடினார்கள். பம்பரம் அந்தப் புள்ளியை விட்டாள், அடுத்ததை விட்டாள், பிறகு ஆட்டத்தையே விட்டாள். யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவில் முன்வரிசைக்காரரின் வழுக்கைத் தலை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

"கழுகு இல்லடா, கோழி" என்றான் வாசலில் ஒருவன், அவர் காதில் விழும்படியாகவே. "கொத்த வேண்டிய நேரத்துல கண்ண மூடிக்கிச்சு."

மறுநாள் முதலாளி இயந்திரம் வரைக்கும் வந்தார். வழக்கமாக அவர் அந்தப் பக்கம் வருவதில்லை, சட்டையில் காகிதத் தூசி ஒட்டும். பைண்டிங் பெண்கள் எல்லோரும் பார்க்க இவர் தோளைத் தட்டினார்.

"நம்ம ஆளு நம்ம ஆளுதான். சரியான நேரத்துல கண்ணைப் பொத்தினீங்க."

"சார், நான் நெஜமாவே பாக்கல."

"அதான, நீங்க எங்க பாத்தீங்க!" என்று சொல்லி முதலாளி கண்ணடித்தார். பைண்டிங் பக்கம் மடிப்புச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி கேட்டது. சாயங்காலத்துக்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது.

அவர் மனைவிக்குத் தினம் காலையில் இன்சுலின் போட வேண்டும். அவளுக்கு ஊசி என்றால் பயம். கத்திக்கு அடியில் காகிதம் தள்ளுகிற அவர் கை ஊசியைத் தொட்டால் உதறும். அதனால் நர்சம்மாதான் வேலைக்குப் போகிற வழியில் வந்து போட்டுவிட்டுப் போவாள். மறுநாள் காலையும் வந்தாள். போட்டாள். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உள்ளயா, வெளியயா?"

"பாக்கலம்மா."

"உங்க மூக்குக்கு நேரா விழுந்துச்சு."

"ஆமா."

"யாரும் மறைக்கல."

"இல்ல."

"கண்ணு தொறந்துதான இருந்துச்சு?"

"தொறந்துதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போயிட்டு வந்துச்சும்மா."

"போயிட்டு வர அது என்ன பஸ்ஸா பிடிக்கணும்?"

நர்சம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஆஸ்பத்திரியில பொய் சொல்றவங்கள தினம் பாக்கறேன். குடிக்கவே இல்லம்மான்னு சொல்லுவான், வாய் நாறும். உங்ககிட்ட அந்த நாத்தம்கூட இல்ல. அதான் தாங்க முடியல."

ஊசி போட வருவதை அவள் நிறுத்தவில்லை. அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வருவாள், கையைத் துடைப்பாள், போடுவாள், போவாள். எலெக்ட்ரிக் மீட்டர் பார்க்க வருகிறவர்கூட அதைவிட அதிகம் பேசுவார்.

அவருக்கே சந்தேகம் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்குத் தங்கமான கண் என்று பாராட்டினார். அது இன்னும் மோசம். கண் நன்றாக இருக்கிறது, திறந்திருந்தது, எதிரே மறைப்பு இல்லை. பிறகு எப்படிப் பார்க்காமல் போகும்? ஒருவேளை பார்த்திருந்து, பார்க்காத மாதிரி மனசு நடிக்கிறதோ? அந்த வழுக்கல் வேறொரு பெண்ணுடையதாக இருந்தால் கண் அங்கே தாவியிருக்குமா? முதலாளி மகளை, அவள் கைக்குழந்தையாக இருந்த நாளில் இருந்து அவர் பார்த்திருக்கிறார். காகிதக் கட்டைத் தள்ளி நிறுத்தும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நின்றது.

அவருடைய மகள் லீவுக்கு வந்தாள். வேறு ஊரில், ஒரு பாட்டில் தொழிற்சாலையில் கேமரா வேலை. ஓடும் பட்டையில் போகிற பாட்டில்களின் மூடி சரியாக இருக்கிறதா என்று கேமரா படம் பிடித்துப் பார்க்கும். அந்தக் கேமராக்களைச் சரிசெய்து வைப்பது அவள் பொறுப்பு. அம்மாவிடம் கதையைக் கேட்டாள். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கண்ணு எத்தனை தடவை தாவுச்சு?"

"ஷூவுக்கு ஒண்ணு. திரும்பி வர ஒண்ணு."

"வாங்க இங்க."

குளியலறைக்கு வெளியே மாட்டியிருந்த கண்ணாடியின் முன்னால் அவரை நிறுத்தினாள்.

"உங்க எடது கண்ணைப் பாருங்க. இப்போ வலது கண்ணு. மறுபடி எடது. மறுபடி வலது. கண்ணு நகர்றது தெரியுதா?"

அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நகரவே இல்லியே."

"எனக்கு நல்லாத் தெரியுது. அங்கயும் இங்கயும் குதிக்குது."

நம்பாமல் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வைத்தார். அவள் கருவிழிகள் துள்ளித் துள்ளி மாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மறுபடி தன் முகத்துக்கு வந்தார். அசையாத இரண்டு கண்கள் அவரை வெறித்தன.

"அப்பனும் மகளும் என்ன, கண்ணடிச்சு விளையாடறீங்களா?" என்றாள் மனைவி சமையலறையில் இருந்து. "டீ ஆறுது."

மகள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "கேமராவைச் சடார்னு திருப்பினா படம் இழுபடும்ல? கண்ணு தாவறப்பவும் அப்படி இழுபடணும். நமக்கு அது தெரியறதில்ல. தாவற நேரத்துக்கு மூளை பார்வையை அமுக்கி வச்சிடும்."

"அப்போ குருடா?"

"முழுக் குருடு இல்ல. பளிச்சுனு பெரிய வெளிச்சம் அடிச்சாத் தெரியும். இந்த மாதிரி சின்ன விஷயம் நழுவிடும். கண்ணிமைக்கறதைவிடக் கம்மி நேரம்தான். ஆனா அந்த வேகத்துல வர்ற பந்து அதுக்குள்ள ஒரு மீட்டர் போயிடும்."

"எனக்கு அந்த இடத்துல ஓட்டை இருந்த மாதிரியே தெரியலியே. இருட்டாக்கூட இல்லியே."

"அதுதான் விஷயமே. எங்க ஃபேக்டரில படம் சரியா விழலன்னா, படம் இல்லன்னு மெஷின் சொல்லிடும். மூளை சொல்லாது. கண்ணு போய் நின்னதும் கெடைக்கற படத்தை எடுத்து, முன்னாடியும் இதான் இருந்துச்சுன்னு ஒட்டுப் போட்டுடும். முள்ளு கடிகாரத்தைச் சட்டுனு திரும்பிப் பாருங்க. முதல் நொடி மட்டும் முள்ளு நின்ன மாதிரி இழுக்கும். அது அந்த ஒட்டுதான்."

"எல்லாருக்குமா?"

"கண்ணிருக்கற எல்லாருக்கும். நாள் முழுக்க. நொடிக்கு ரெண்டு மூணு தடவை."

அன்று அவர் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சட்டையை மாற்றினார். "வா, நர்சம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவோம்."

நர்சம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "எனக்குக் கண்ணாடி காட்ட வந்தீங்களா?" என்றாள், மகள் விஷயத்தைச் சொன்னதும். ஆனால் ஊசி போடுகிற கை, எதையும் சோதித்துப் பார்க்காமல் விடாது. பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்றாள். இடது, வலது, இடது. அப்புறம் மகளின் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி கண்ணாடி. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இவ்ளோ வருஷமா ஆஸ்பத்திரியில வேலை பாக்கறேன். இது தெரியாமப் போச்சே."

"நெஜமாவே பாக்கலம்மா" என்றார் அவர்.

"புரியுதுண்ணே. அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அண்ணே திரும்பி வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பம்பரம் உள்ளறையில் இருந்து வந்தாள். தோற்ற நாளில் இருந்து அவள் இரண்டு மடங்கு ஆவேசமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஜெயிச்சது நான்தான், குடுக்காம விட்டது அவங்க என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆனா நான் பாத்தேன் மாமா. பந்தோட கார்க் வெள்ளைக் கோட்டு மேல பட்டுச்சு."

அவர் மகளுக்கு அளந்து பார்க்கிற புத்தி. ஆள் பார்த்துப் பேசுகிற புத்தி அவ்வளவாக இல்லை. "அடிச்சதும் எங்க பாத்தே?" என்று கேட்டாள்.

"அவ மட்டையை. எடுத்துடுவாளோன்னு."

"அப்புறம்?"

"கோட்டை."

"பந்து அதுக்குள்ள விழுந்துடுச்சா, கண்ணு போனப்புறம் விழுந்துச்சா?"

பம்பரம் பீரோவைப் பார்த்தாள். "அப்போ நான் பாத்ததும் ஒட்டுதானாக்கா?"

"இருக்கலாம். சொல்ல முடியாது."

அவர் மகளின் முழங்கையைத் தொட்டார். அதற்குள் சொல்லியாகிவிட்டது. நர்சம்மா உற்சாகமாக டீ போடப் போனாள். பம்பரம் கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு இடது கண்ணைப் பார்த்தாள், வலது கண்ணைப் பார்த்தாள். அவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

மகள் லீவு முடிந்து போனாள். தெருவில் நிலைமை சீராயிற்று. நர்சம்மா போகிற இடமெல்லாம் கண்ணாடி வித்தையைச் செய்து காட்டி, கழுகண்ணன் சுத்தமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஷட்டில் சங்கத்தில் இருந்து அடுத்த போட்டிக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனார். கண்ணைக் கோட்டில் நிறுத்தினார். முன்பைவிட இறுக்கமாக நிறுத்தினார். அங்கேதான் பம்பரத்தின் பயிற்சியாளர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தெருப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஏன், வர்றதில்லையா?"

"வந்துட்டுதான் இருந்தா. பயிற்சி ஆட்டத்துல கோட்டு நடுவர் ஏது? அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்களேதான் சொல்லிக்கணும். ஒவ்வொரு பந்துக்கும் 'தெரியல, நீயே எடுத்துக்கோ'ன்னு எதிர்ல இருக்கறவளுக்குக் குடுத்துடறா. அடிக்கறப்ப கை தயங்குது. ஆட்டக்காரிக்குக் கொஞ்சம் திமிர் வேணும்ண்ணே. இவளுக்கு அது தாராளமா இருந்துச்சு. எங்க தொலைச்சான்னு தெரியல. இப்போ வர்றதையே நிறுத்திட்டா."

எங்கே தொலைத்தாள் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை நர்சம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "மட்டையைப் பரண்ல போட்டுட்டாண்ணே" என்றாள் அவள். "படிக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். ஆனா சோறு இறங்கல அவளுக்கு. எந்நேரமும் கண்ணாடி முன்னாடியே நிக்கறா. அழகு பாக்கற வயசுன்னு நெனச்சேன். அது இல்ல."

அந்த வாரம் இயந்திரத்தில் அவர் கைக்கு வேலை ஓடவில்லை. காகிதத்தைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்தாமல் நிற்பார். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் போன வீட்டில் ஒரு பெண்ணின் கண்ணைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறோம் என்று அவருக்குப் பட்டது. அவள் பார்த்தாளோ இல்லையோ, பார்த்தேன் என்ற நம்பிக்கையில்தான் அவள் கால் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி சொன்னது உண்மைதான். மகள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. அதை மாற்றிச் சொல்ல முடிகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை போனார். நர்சம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பம்பரம் படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் உட்காரவில்லை.

"அன்னிக்குப் பந்து கோட்டு மேலதான் விழுந்துச்சு."

நர்சம்மாவின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. "என்னண்ணே?"

"உள்ளதான். நான் பாத்தேன். முதலாளி பொண்ணு தோத்தா என் வேலைக்கு ஆபத்துன்னு பயம். பொத்திக்கிட்டேன்."

"அப்போ கண்ணாடி?"

"மக படிச்சவ. ஏதோ சொன்னா. எனக்கு வசதியாப் போச்சு, பிடிச்சுக்கிட்டேன்."

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். தடுமாறாமல் வந்துவிட்டன. அவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பம்பரம் எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேன்லம்மா?" என்றாள் அம்மாவிடம். குரல் உடைந்து, உடனே உயர்ந்தது. "நான் பாத்தேன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?" பிறகு அவர் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் தயக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. "வெளிய போங்க." மாமா இல்லை.

"என் கையால டீ குடுத்தேனே உங்களுக்கு" என்றாள் நர்சம்மா. "ஊரெல்லாம் போய் உங்களுக்காகப் பேசினேனே."

நர்சம்மா சங்கத்தில் புகார் கொடுத்தாள். கோப்பைகள் தூசி படிந்து நின்ற அறையில் மூன்று பேர் உட்கார்ந்து அவரை விசாரித்தார்கள். பந்து எங்கே விழுந்தது என்று கேட்டார்கள். கோட்டின் உள் ஓரத்தில் என்றார். நன்றாகத் தெரிந்ததா? நன்றாகத் தெரிந்தது. தலைமை நடுவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்ட முடிவை மாற்ற வழியில்லை, முகாமும் முடிந்துவிட்டது. அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். முதலாளிக்கு வேறு கோபம். தன் மகள் ஜெயித்த ஜெயம் சந்தி சிரிக்கிறதே என்று. வெட்டும் இயந்திரத்தில் இருந்து அவரைக் கிடங்குக்கு மாற்றினார். அங்கே கட்டுகளுக்குக் கயிறு போட வேண்டும். "இப்போ வாயும் பிஸியாண்ணே?" என்று கேட்க அங்கே யாருமில்லை.

நர்சம்மா ஊசி போட வருவதை நிறுத்தினாள்.

அவரே கற்றுக்கொண்டார். முதல் நாள் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "எங்க, காகிதத்தைத் தள்ற மாதிரி தள்ளிடாதீங்க."

"அசையாத."

"நான் எங்க அசையறேன், உங்க கைதான் ஆடுது." ஊசி இறங்கியது. அவள் மூச்சை விட்டாள். "ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குப் பொய் சொல்லவே வராதே. எப்படிங்க நம்பினாங்க?"

அவர் பஞ்சைத் தேடினார். அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

விஷயம் மகளுக்கு எட்டியதும் பஸ் பிடித்து வந்தாள். பையை இறக்கி வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? நான் சங்கத்துக்கு எழுதறேன். தாவறப்ப கண்ணுக்குத் தெரியாதுன்னு ஆதாரத்தோட எழுதறேன்."

"எழுதாத."

"உங்களைத் திருடன்னு சொல்றாங்க."

"அந்தப் பொண்ணு மறுபடி ஆடப் போறா. பையைத் தூக்கிட்டு இந்த வழியாத்தான் போறா. நின்னு, என்னை ஒரு முறை முறைச்சிட்டுப் போறா."

"அதுக்காக? நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்த தடங்கள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "சங்கத்துல சொன்னேன், முதலாளிகிட்ட சொன்னேன், கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். எங்க விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. இப்போ கண்ண மூடினா தெரியுது. கார்க் வெள்ளை மேல படுது. பந்துல ஒரு எறகு ஒடிஞ்சிருக்கு. அதுகூடத் தெரியுது."

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது மூளை பண்ற வேலைப்பா. திரும்பத் திரும்பச் சொன்னதால படம் போட்டுக் குடுக்குது."

"அது தெரியும். நீதான சொன்னே. ஆனா பாத்த மாதிரியேதான் இருக்கு. நெஜமாப் பாத்த பந்தெல்லாம்கூட இப்படித்தான் ஞாபகத்துல இருக்கு. எது பாத்தது, எது ஒட்டுனதுன்னு எப்படிப் பிரிக்கறது? உங்க மெஷின்ல அதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"இல்லப்பா."

"பொய் சொன்னேன்னு நெனச்சுட்டிருந்தேன். இப்போ அதுவும் உறுதியாத் தெரியல. பயமா இருக்கும்மா."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் அதை விடவில்லை. மகளிடம் போனில் பேசும்போது, விசேஷம் ஏதுமில்லை என்று சொல்லிவிட்டு, "அது உள்ளயா இருந்திருக்குமோ?" என்பார். பம்பரம் அடுத்த வருடம் முகாமுக்குத் தேர்வானாள் என்று சொன்ன அன்றும் அதையே கேட்டார். தெரியாதுப்பா என்று அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பேச மூச்சு போதவில்லை. மூக்கில் குழாய். நர்சம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். அவள் அந்த வார்டுக்கு வரவில்லை. அவர் மகளின் கையை இழுத்தார். அவள் குனிந்தாள்.

"உள்ளதான?" என்றார்.

அவர் கண் அவள் முகத்தில் நின்றது. எங்கும் தாவவில்லை. காத்திருந்தது.

"ஆமாப்பா" என்றாள் மகள். "உள்ளதான். கோட்டு மேல."

அந்த ஆட்டத்துக்கு அவள் போயிருக்கவே இல்லை.